வாழைப்பழக் கடைச் சுவருக்குள் பணம்



கணக்குப் பாடம் என்றாலே நமக்கெல்லாம் கொட்டாவி வருகிறது. ரொக்கப் புத்தகம், பொதுப் பேரேடு என்று ஆரம்பித்தாலே "நேரமாச்சு, மாடு கறக்கணும்" என்று ஒவ்வொருவராக எழுந்துவிடுவோம். அதனால் இந்த இதழில் கணக்கை ஒரு சிரிப்புக் கதை வழியாகப் பார்ப்போம். அமெரிக்காவில் வந்த ஒரு டி.வி. தொடரின் கதை இது. ஊர் வேறு, பாஷை வேறு. ஆனால் அதில் வரும் பணப் பிரச்சினை நமக்குப் புதிதில்லை.

தொடரின் பெயர் 'அரெஸ்டட் டெவலப்மென்ட்'. 'பாதியில் நின்றுபோன வளர்ச்சி' என்று அர்த்தம் சொல்லலாம். 'அரெஸ்ட்' என்றால் கைது என்பது நமக்கே தெரியும். கதையில் அப்பாவும் கைதாகிறார், பிள்ளைகளும் வளராமல் நிற்கிறார்கள். ஒரே பெயரில் இரண்டும் அடங்கிவிட்டது.

2003 நவம்பர் 2ஆம் தேதி 'ஃபாக்ஸ்' என்ற சேனலில் இது தொடங்கியது. எழுதி உருவாக்கியவர் மிட்செல் ஹர்விட்ஸ். 2004இல் சிறந்த நகைச்சுவைத் தொடருக்கான எம்மி விருதும் கிடைத்தது. ஆனாலும் பார்ப்பவர்கள் குறைவு என்று 53 பகுதிகளோடு 2006 பிப்ரவரி 10ஆம் தேதி நிறுத்திவிட்டார்கள். ஏன் நின்றது என்பதைக் கடைசியில் பார்ப்போம். முதலில் வீட்டுக்குள் போவோம்.

குடும்பத்தில் யார் யார்?

கலிபோர்னியா மாநிலத்தில் ஆரஞ்சு கவுண்டி என்ற வசதியான பகுதி. அங்கே ப்ளூத் குடும்பம். வீடு கட்டி விற்கும் கம்பெனி நடத்துகிறார்கள். அப்பா ஜார்ஜ், அம்மா லூசில். பெரிய மகன் ஜோப், மேஜிக் செய்கிறேன் என்று திரிபவன். அடுத்தவன் மைக்கேல், மனைவியை இழந்தவன், வேலை பார்ப்பவன் இவன் ஒருவன்தான். மகள் லின்ட்சேக்குச் செலவு செய்யத்தான் தெரியும். அவள் கணவன் டோபியஸ் டாக்டர் தொழிலை இழந்துவிட்டு நடிகனாகப் போகிறேன் என்கிறான். கடைசி மகன் பஸ்டர் வளர்ந்த ஆள், ஆனாலும் அம்மா முந்தானையை விடமாட்டான். மைக்கேலின் மகன் ஜார்ஜ் மைக்கேல், லின்ட்சேயின் மகள் மேபி, இரண்டு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

வீட்டுக்கு வீடு வாசப்படி என்பார்கள். சண்டை இல்லாத குடும்பம் ஏது? இந்தக் குடும்பமும் சண்டையால் உடையவில்லை. "கணக்கைக் கொஞ்சம் காட்டுங்க" என்று கேட்க ஒருவரும் இல்லாததால் உடைந்தது. இந்த இதழின் பாடமே இதுதான்.

பாடம் 1: இரண்டு பானை ஒன்றானால்

முதல் பகுதியில் அப்பா ஓய்வு பெறுகிறார். படகில் விருந்து நடக்கிறது. அடுத்து கம்பெனிப் பொறுப்பு நமக்குத்தான் என்று மைக்கேல் காத்திருக்கிறான். அப்பாவோ அம்மாவின் பெயரை அறிவிக்கிறார். கைத்தட்டல் அடங்குவதற்குள் அரசாங்க அதிகாரிகள் வேறு படகில் வந்து அப்பாவைக் கைது செய்கிறார்கள். கம்பெனியில் பணம் போட்டவர்களை ஏமாற்றினார், கம்பெனியைத் தன் சொந்த உண்டியல் மாதிரி வைத்துக்கொண்டார் என்பது குற்றச்சாட்டு.

அன்றிலிருந்து கம்பெனிக் கணக்கை முடக்கிவிடுகிறார்கள். அப்போதுதான் எல்லாருக்கும் விஷயம் உறைக்கிறது. ஒவ்வொருவர் ஆடம்பரமும் இத்தனை நாளாகக் கம்பெனிச் செலவில்தான் ஓடியிருக்கிறது. 'நம்ம வீட்டுப் பணம்' என்று அவர்கள் நினைத்தது ஊரார் போட்ட பணம். சம்பாதிக்கத் தெரியாது, விலைவாசியும் தெரியாது. ஒரு வாழைப்பழம் பத்து டாலர் இருக்குமா என்று அம்மா கேட்கும் காட்சி ஒன்று வரும். பார்ப்பவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

நாம் சிரித்துவிட்டு நம் பக்கம் திரும்புவோம். குழுப் பணம் ஒரு உறுப்பினர் வீட்டில் இரண்டு நாள் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட அவசரம். "நாளைக்கு வச்சிடலாம்" என்று ஐநூறு எடுக்கிறோம். திருட வேண்டும் என்ற எண்ணம் துளியும் இல்லை. ஆனால் அந்த நிமிடமே இரண்டு பானையும் ஒன்றாகிவிட்டது. ப்ளூத் வீட்டிலும் இப்படி ஒரு 'நாளைக்கு' தான் முதலில் வந்திருக்கும். அவசரம் எல்லாருக்கும் வரும். அதற்குத்தானே உள்கடன் இருக்கிறது? கூட்டத்தில் கேட்டு, தீர்மானம் எழுதி, கடனாக வாங்கினால் அதே ஐநூறு கௌரவமான பணம்.

பாடம் 2: சுவருக்குள் இருந்த பணம்

தொடரின் புகழ்பெற்ற கதை இது. கம்பெனிக்குக் கடற்கரைப் பக்கம் ஒரு சின்னக் கடை உண்டு. உறைய வைத்த வாழைப்பழத்தை சாக்லேட்டில் தோய்த்து விற்கும் கடை. அதை மைக்கேலின் மகன் பார்த்துக்கொள்கிறான். சிறையில் இருக்கும் அப்பா, அந்தக் கடையில் எப்போதும் பணம் இருக்கும் என்று மைக்கேலிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறார். கடையில் வியாபாரம் நன்றாக நடக்கும் என்கிறார் போல என்று மைக்கேல் நினைத்துக்கொள்கிறான்.

பிறகு ஒரு நாள், எல்லாவற்றையும் அப்பாவே ஆட்டி வைக்கிறாரே என்ற கோபத்தில் அப்பனும் மகனுமாகக் கடையைக் கொளுத்திவிடுகிறார்கள். விஷயம் கேட்டு அப்பா அலறுகிறார். கடைச் சுவருக்குள் 2,50,000 டாலர் நோட்டுகளை ஒளித்து வைத்திருக்கிறார்! அன்றைய மதிப்பில் நம் பணத்துக்கு ஒரு கோடி ரூபாய்க்கும் மேல். அத்தனையும் சாம்பல்.

அப்பா பொய் சொல்லவில்லை, ஜாடையாக உண்மையைத்தான் சொன்னார். ஆனால் புத்தகத்தில் ஏறாத பணம் இருந்தும் இல்லாத பணம்தான். சொன்னவர் மனதில் ஒன்று, கேட்டவர் மனதில் வேறொன்று. நடுவில் ஒரு கோடி போனது.

"எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு, எழுதணும்னு என்ன?" என்று சொல்லும் நல்ல மனசுக்காரர்கள் நம்மிடையே உண்டு. ஞாபகம் உள்ளவருக்கு நாளைக்கு உடம்பு சரியில்லாமல் போனால்? மகள் பிரசவத்துக்கு வெளியூர் போனால்? எழுதுவது சந்தேகத்தால் அல்ல. நாம் இல்லாத நாளிலும் குழு நடக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறோம்.

பாடம் 3: ஒரு ரூபாயை எடுத்து ஒரு பழத்தை எறிந்தால்

அதே வாழைப்பழக் கடையில் இன்னொரு கூத்து. கல்லாவில் ஒரு டாலர் எடுத்தால், ஒரு பழத்தைத் தூக்கி எறிந்துவிட வேண்டும், அப்போது கணக்கு சரியாகிவிடும் என்று மேபி கண்டுபிடிக்கிறாள். கேட்கும்போது சரிதானே என்று தோன்றும். நமக்குப் புரிய ரூபாயில் போட்டுப் பார்ப்போம்.

• காலையில் 100 பழம். ஒரு பழம் 10 ரூபாய்.
• 60 பழம் விற்றது. கல்லாவில் 600 ரூபாய், மீதி 40 பழம். கணக்கு சரி.
• கல்லாவிலிருந்து 10 ரூபாய் எடுக்கிறாள். இப்போது கல்லாவில் 590. மீதிப் பழம் 40, ஆகவே 600 இருக்க வேண்டும். 10 ரூபாய் குறைகிறது.
• ஒரு பழத்தை எறிகிறாள். மீதி 39. அப்படியானால் 61 பழம் விற்றிருக்க வேண்டும், கல்லாவில் 610 இருக்க வேண்டும். இருப்பது 590. இப்போது 20 ரூபாய் குறைகிறது!

மறைக்கப் போய் நஷ்டம் இரட்டிப்பானது. தவறை மறைக்கச் செய்யும் இரண்டாவது காரியம் எப்போதும் இப்படித்தான் முடியும்.

இட்லிக் கடை, மசாலாப் பொடி, பினாயில் என்று தொழில் செய்யும் குழுக்கள் இதைக் கவனியுங்கள். கல்லாப் பணத்தை மட்டும் எண்ணினால் போதாது, சரக்கையும் எண்ண வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று சாட்சி. பத்து பாக்கெட் நைந்து வீணாகிவிட்டதா? 'வீணானது 10' என்று எழுதிவிடுங்கள். எழுதிய நஷ்டத்தை எல்லாரும் தாங்கிக்கொள்ளலாம். எழுதாத நஷ்டம் யாராவது ஒருத்தி தலையில்தான் விழும்.

பாடம் 4: பெயருக்குத் தலைவர், கேட்டதும் கையெழுத்து

அப்பா ஏன் அம்மாவைத் தலைமையில் உட்கார வைத்தார்? அம்மா திறமைசாலி என்று நினைத்து அல்ல. புருஷனையும் பெண்சாதியையும் ஒரே குற்றத்துக்குப் பிடிக்க முடியாது என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்! சட்டத்தில் அப்படி ஒன்றும் கிடையாது. பிற்பாடு இரண்டாம் சீசனில் ஜோப்பைத் தலைவர் நாற்காலியில் உட்கார வைக்கிறார்கள். கம்பெனியை உண்மையில் நடத்துவது மைக்கேல். பட்டம் மட்டும் ஜோப்புக்கு. அவனுக்கு நாற்காலியும் கோட்டு சூட்டுமே போதும், என்ன ஏது என்று கேட்க மாட்டான்.

சகோதரிகளே, இந்த இடத்தில் சிரிப்பு நமக்குத் தொண்டையில் நிற்கிறது. எத்தனை இடத்தில் பெண் பெயரில் கடன், பெண் பெயரில் கடை, பெண் பெயரில் பதவி? "இங்க ஒரு கையெழுத்துப் போடு, மத்ததை நான் பார்த்துக்கிறேன்" என்பது நாம் கேட்காத வார்த்தையா? மரியாதை செய்வது போலத்தான் இருக்கும். ஆனால் கையெழுத்து யாருடையதோ, பதில் சொல்ல வேண்டியவரும் அவரே.

வங்கியில் கையெழுத்துப் போடும் பொறுப்பில் உள்ளவர்கள் மூன்று விஷயத்தை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். தொகை எழுதாத செக்கிலோ, பணம் எடுக்கும் சீட்டிலோ கையெழுத்துப் போடக் கூடாது. படிக்கத் தெரியாவிட்டால் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகே போட வேண்டும். எடுக்கும் தொகைக்குத் தீர்மான நோட்டில் தீர்மானம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். "நம்பிக்கை இல்லையா?" என்று யாராவது கேட்டால், "நம்பிக்கை இருக்கு, நோட்டும் இருக்கட்டும்" என்று சொல்லுங்கள்.

பாடம் 5: முகப்பு மட்டும் கட்டிய வீடு

ப்ளூத் கம்பெனி காலி மனையில் ஒரே ஒரு மாதிரி வீட்டைக் கட்டி வைத்திருக்கிறது. மைக்கேல் குடும்பம் அதில்தான் குடியிருக்கிறது. பார்க்கப் பளபளப்பு, தொட்டால் ஏதாவது ஒன்று கையோடு வரும். ஜோப் தலைவரானதும், இன்னும் இரண்டே வாரத்தில் அடுத்த வீட்டைக் கட்டிக் காட்டுகிறேன் என்று வாய் விட்டுவிடுகிறான். முடியுமா? முகப்பை மட்டும் நிறுத்திவிட்டு, உள்ளே ஒன்றுமே இல்லாமல் திறப்பு விழா வைக்கிறார்கள். ரிப்பன் வெட்டும்போது வீடு சரிந்து விழுகிறது.

தணிக்கைக்கு ஆள் வருகிறார்கள் என்றதும் முதல் நாள் ராத்திரி உட்கார்ந்து ஆறு மாதத் தீர்மானத்தையும் ஒரே பேனாவில் எழுதும் குழுக்கள் உண்டு. அதுவும் முகப்பு வீடுதான். வாரா வாரம் எழுதிய நோட்டில் மை மாறியிருக்கும், எண்ணெய்க் கறை இருக்கும், அடித்துத் திருத்தி எழுதியிருக்கும். இருக்கட்டும். அதுதான் உள்ளே ஆள் வாழும் வீடு.

பாடம் 6: பயமுறுத்திச் சொன்ன புத்தி

அப்பா ஜார்ஜ் பிள்ளைகளைச் சின்ன வயதில் வளர்த்த விதமும் ஒரு கதை. ஒரு கை இல்லாத ஆளைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்வார். விபத்து நடந்தது போல நாடகம் ஆடுவார். செயற்கைக் கை பிய்ந்து விழும், ரத்தம் பீறிடும், பிள்ளைகள் அலறுவார்கள். உடனே அந்த ஆள் எழுந்து, இதனால்தான் பால் தீர்ந்தால் சீட்டு எழுதி வைக்க வேண்டும் என்பது மாதிரி ஒரு புத்திமதி சொல்வார்!

பலன் என்ன? பிள்ளைகள் வளர்ந்த பிறகும் பயந்து கிடந்தார்கள், பொறுப்பு மட்டும் வரவில்லை. கடன் தவணை தவறிய உறுப்பினரைக் கூட்டத்தில் நாலு பேர் முன்னால் நிறுத்திக் கத்தினால் அடுத்த வாரம் அவர் பணத்தோடு வருவார் என்று நினைக்கிறோம். பல சமயம் கூட்டத்துக்கே வரமாட்டார். "என்னம்மா கஷ்டம்? எவ்வளவு முடியும்?" என்று கேட்டு, தவணையைப் பிரித்து எழுதிக்கொள்வது பணத்தையும் காப்பாற்றும், ஆளையும் காப்பாற்றும்.

பாடம் 7: "எல்லாம் நானே பார்த்துக்கிறேன்"

மைக்கேல் நல்லவன். உழைப்பவன். அப்படியானால் அவனைப் பார்த்து நடக்கலாமா? தொடர் அவனையும் விட்டுவைக்கவில்லை. இவங்களை விட்டுப் போகிறேன் என்று அடிக்கடி கிளம்புவான், திரும்பி வந்துவிடுவான். தான் இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது என்று எல்லாவற்றையும் தானே சுமப்பான். அதனால் மற்றவர்கள் எதையும் கற்றுக்கொள்ளவே இல்லை. குடும்பம்தான் முக்கியம் என்று சொல்லிக்கொண்டே தன் மகன் சொல்ல வருவதைக் காதில் வாங்க மாட்டான். சில நேரம் அவனும் பொய் சொல்லிச் சமாளிப்பான்.

ஒரே ஆள் வருஷக்கணக்காக ஊக்குநராக இருக்கும் குழுக்கள் இதை நிதானமாகப் பேச வேண்டும். அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனால் வங்கிக்குப் போக, நோட்டு எழுத, அதிகாரியிடம் பேச வேறு யாருக்கும் தெரியாவிட்டால் அந்தக் குழு ஒரு காலில் நிற்கிறது. பொறுப்பைச் சுழற்சியில் மாற்றுவது பழைய ஊக்குநருக்கு அவமானமில்லை. அவருக்குக் கிடைக்கும் ஓய்வு.

இது வெறும் கற்பனையா?

சிரிப்புக் கதைக்குப் பின்னால் நிஜம் உண்டு. அந்த வருடங்களில் அமெரிக்காவில் பெரிய கம்பெனிகள் பொய்க் கணக்கால் விழுந்தன. 'என்ரான்' என்ற கம்பெனி 2001 டிசம்பரில் திவாலானது. ஆயிரக்கணக்கான தொழிலாளிகள் வேலையை இழந்தார்கள். பலருக்கு ஓய்வுக் காலச் சேமிப்பும் போனது, ஏனென்றால் அது அதே கம்பெனியின் பங்குகளில் இருந்தது.

'அடெல்ஃபியா' என்ற கேபிள் டி.வி. கம்பெனியின் கதை இன்னும் நெருக்கம். ஜான் ரிகஸ் என்பவர் பென்சில்வேனியா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் 1952இல் தொடங்கி, பெரிய கம்பெனியாக வளர்த்தார். அப்பாவும் மகன்களுமே நிர்வாகம். கம்பெனியைப் பொறுப்பாக்கிக் குடும்பம் வாங்கிய கடன் சுமார் 230 கோடி டாலர் என்பது 2002இல் வெளியே வந்தது. அதே ஆண்டு கம்பெனி திவாலானது. வழக்கு நடந்து, 2005இல் அப்பாவுக்கு 15 ஆண்டும் மகன் திமோதிக்கு 20 ஆண்டும் சிறைத் தண்டனை விதித்தார்கள். பிறகு அதைக் கொஞ்சம் குறைத்தார்கள்.

இதையெல்லாம் பார்த்து அமெரிக்க அரசு 2002 ஜூலையில் ஒரு சட்டம் கொண்டுவந்தது. பங்குச் சந்தையில் உள்ள கம்பெனிகளின் தலைவரும் நிதிப் பொறுப்பாளரும் கணக்கு சரி என்று தாங்களே கையெழுத்திட்டு உறுதி சொல்ல வேண்டும். கம்பெனித் தலைவர்கள் கம்பெனியிடமே சொந்தக் கடன் வாங்குவதற்கும் தடை வந்தது. பல கோடி டாலர் கம்பெனிக்குச் சட்டம் போட்டுச் சொன்ன விஷயத்தை, வாரம் பத்து இருபது சேமிக்கும் நாம் தீர்மான நோட்டிலும் ரொக்கப் புத்தகத்திலும் செய்துகொண்டிருக்கிறோம். பெருமைப்பட்டுக்கொள்ளலாம், விட்டுவிடக் கூடாது.

தொடர் ஏன் நின்றது?

விருது வாங்கியும் கூட்டம் சேரவில்லை. ஒரு வாரம் பார்க்கத் தவறினால் அடுத்த வாரக் கதை புரியாது. பின்னணியில் சிரிப்புச் சத்தமும் கிடையாது, எங்கே சிரிப்பது என்பதை நாமே கண்டுபிடிக்க வேண்டும். இரண்டாம் சீசனில் 18 பகுதிகள், மூன்றாவதில் 13 என்று குறைத்துக்கொண்டே வந்து நிறுத்தினார்கள். கடைசி நான்கு பகுதிகளையும் ஒரே நாளில், அதுவும் குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழா நடந்த ராத்திரியில் போட்டு முடித்தார்கள். பிறகு டி.வி.டி.யில் பலர் முதலிலிருந்து பார்த்து ரசித்தார்கள். அதனால் 2013இல் நெட்ஃப்ளிக்ஸில் மறுபடி வந்து, 2019 வரை இன்னும் இரண்டு சீசன் ஓடியது.

நம் நோட்டுப் புத்தகமும் அப்படித்தான். நடுவில் ஒரு பக்கம் விட்டால் அடுத்த பக்கம் புரியாது. முதலிலிருந்து விடாமல் படித்தால் குழுவின் முழுக் கதையும் தெரியும்.

அடுத்த கூட்டத்தில் பேசுவதற்கு

1. நம் குழுவின் கைரொக்கம் இப்போது யாரிடம், எவ்வளவு இருக்கிறது? எல்லாருக்கும் தெரியுமா?
2. கடைசியாக வங்கியில் பணம் எடுத்தது எதற்கு? அதற்குத் தீர்மானம் எங்கே?
3. பாஸ்புக்கை ஒவ்வொரு உறுப்பினரும் கையில் வாங்கிப் பார்த்து எத்தனை மாதமாகிறது?
4. ஊக்குநர் ஒரு மாதம் ஊரில் இல்லாவிட்டால் யார் நோட்டு எழுதுவார்?
5. தொழில் செய்யும் குழு என்றால், சரக்கு இருப்பும் கல்லாவும் ஒத்துப்போகிறதா?

ஐந்து கேள்விக்கும் பதில் கிடைத்தால் சந்தோஷம். கிடைக்காவிட்டால் யாரையும் குற்றம் சொல்ல வேண்டாம். அன்றைக்கே பெட்டியைத் திறந்து, பாயில் கொட்டி, எல்லாரும் சேர்ந்து எண்ணுங்கள். எண்ணிய தொகையைத் தேதி போட்டு எழுதி, வந்தவர்கள் அனைவரும் கையெழுத்துப் போடுங்கள். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று நம் பாட்டிகள் சொல்லியிருக்கிறார்களே.